கட்டைக்கு அடியில் ஒட்டிய காகிதம்

மூன்று வருடங்களாக ஒரே வாக்கியம். முதல் வருடம் கேட்டபோது பொறுத்துக்கொண்டாள். இரண்டாம் வருடம் டீ குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டாள். மூன்றாம் வருடம் தாடிக்காரன், மர எழுத்துகளால் அடித்த ஒரு சுவரொட்டியை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தான். எழுத்துகளில் பாதி மை ஏறாமல், சொறி பிடித்தது போலிருந்தது அந்தத் தாள். எண்பது பேருக்கு அதைக் காட்டி, "மரம்னா அப்படித்தான் இருக்கும். அதுதான் இதோட அழகு" என்றபோது அவளால் தாங்க முடியவில்லை.

"மரத்து மேல பழியப் போடாதீங்க தம்பி," என்றாள். "அது அழகு இல்ல. மட்டம் பாக்காம அடிச்சது."

கூட்டம் சிரித்தது. தாடிக்காரனும் சிரித்தான். அவன் விளம்பர நிறுவனத்தில் பெரிய வேலையில் இருந்து, ஒரு நாள் அதை விட்டுவிட்டு, பழைய அச்சு எந்திரங்கள் மேல் காதல் கொண்டவன். வருடத்தில் ஒரு சனி, ஞாயிறு, முன்பு நூல் மூட்டைகள் அடுக்கியிருந்த ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்து, மர எழுத்துப் பிரியர்களையெல்லாம் கூட்டுவான். அதற்கு அச்சுக் கூடல் என்று பெயர். வருகிறவர்கள் கட்டைகளை அடுக்குவார்கள், மை உருட்டுவார்கள், எந்திரத்தின் கைப்பிடியை இழுப்பார்கள், தாளை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பார்கள். முகர்வது எதற்கென்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்று வார்த்தை தடித்து ஒரு பந்தயமாகி முடிந்தது.

"அடுத்த வருஷம் ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கடைசி சுவரொட்டியை நான் அடிக்கிறேன்," என்றாள். "நூறு தாள். ஒரு தாள்ல ஒரு எழுத்து சொறியா வந்தாலும், அதுக்கப்புறம் இந்தக் கூட்டத்துல மட்டத்தைப் பத்தி வாயத் திறக்க மாட்டேன்."

"சுத்தமா வந்துட்டா?"

"அப்புறம் எல்லா வருஷமும் சனிக்கிழமை காலையில ஒருத்தரும் மையத் தொடக் கூடாது. மத்தியானம் வரைக்கும் மட்டம் பாக்கற வேலை. எல்லாரும் பாக்கணும். நீங்களும்தான்."

தாடிக்காரன் கை கொடுத்தான். அடுத்த ஆண்டின் நிகழ்ச்சி நிரலில் அதை அச்சடித்தும் விட்டான்: ஞாயிறு, மாலை நான்கு மணி, ரசமட்டம் அக்காவின் நூறு தாள்கள்.

ரசமட்டம் என்பது அவளுக்குக் கூடல்காரர்கள் வைத்த பெயர் அல்ல. அவளுடைய அச்சகத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் வைத்தது. மேஜை, பெஞ்சு, அலமாரித் தட்டு என எதன் மீதும் உள்ளங்கையை ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் அவள் உட்கார மாட்டாள். சாய்வு இருந்தால் அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் செருகிவிட்டுத்தான் அடுத்த வேலை. வங்கியில் வரிசையில் நின்றபோது, டோக்கன் கொடுக்கும் மேஜை ஆடுவதைக் கண்டு குனிந்து செருகிவிட்டு வந்தவள்.

இருபத்தோரு வயதில் ஒரு அச்சகத்துக்குத் தாள் மடிக்கிற வேலைக்குப் போனாள். பன்னிரண்டு வருடம் மடித்தாள். மடித்துக்கொண்டே எந்திரத்தைப் பார்த்துப் பழகினாள். முதலாளி புது எந்திரங்களுக்கு மாறியபோது பழையதில் ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளித் தனியாகக் கடை போட்டாள். அந்த எந்திரத்துக்கு இன்றைக்கும் ஓய்வில்லை. ரசீதுப் புத்தகத்துக்கு எண் போடுவது, மருந்துப் பெட்டி அட்டைகளுக்கு மடிப்புக் கோடு இழுப்பது, துணிக்கடைகளுக்கு விலைச்சீட்டு வெட்டுவது என்று வாரத்தில் ஆறு நாளும் ஓடுகிறது. "நலிந்துவரும் கலையைக் காப்பாத்தறீங்க" என்று கூடலில் யாராவது உருகினால், "திங்கக்கிழமை வந்து பாருங்க, நிக்க நேரமில்ல" என்பாள். உருகியவர்களுக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை.

எந்திரத்தோடு ஒரு டிராயர் நிறைய மர எழுத்துகளும் வந்தன. உள்ளங்கை அகலக் கட்டைகள், நூற்றி நாற்பது. அடித்துப் பார்த்தால் ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல், ஒன்றுக்குத் தலை இல்லை. காரணம் எளியது. அச்சில் எல்லாக் கட்டைகளும் ஒரே மட்டத்தில், ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். மரம் தேயும், சுருங்கும். ஒரு மூலை மயிரிழை தாழ்ந்தாலும் அந்த மூலையில் மை ஏறாது. தாழ்ந்த இடத்துக்கு நேர் கீழே, கட்டையின் அடிப்பக்கத்தில், ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினால் சரியாகிவிடும். எந்தக் காகிதம், எத்தனை, எந்த மூலையில் என்பதுதான் வேலை. எந்திரம் ஓயும் கால் மணி, அரை மணிகளில் அவள் ஒவ்வொரு கட்டையாக எடுத்தாள். பையில் இருக்கிற பஸ் டிக்கெட், கிழித்த காலண்டர் தாள், மருந்துப் பெட்டி அட்டை, எது கைக்கு வந்ததோ அதை நறுக்கி ஒட்டினாள். காகிதத்தின் கனம் அவளுக்கு விரல் நுனியில் தெரியும். நூற்றி நாற்பதும் முடியப் பத்தொன்பது வருடம் ஆனது.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நன்றாக அச்சாகியிருக்கும் தாளைப் பார்த்து அதன் அடியில் என்ன இருக்கிறது என்று யார் கேட்பார்கள்? சரியாகச் செய்த வேலைக்கு உள்ள சாபம் அது. அதைச் செய்ததே தெரியாது.

அவளுடைய கணவர் ஒரு அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் முப்பத்து நாலு வருடம் இருந்தவர். கோப்புகளை வாங்குவது, எண் போடுவது, அடுக்குவது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது. பந்தயக் கூடலுக்கு எட்டு மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றார். முதல் வாரம் தூங்கினார். இரண்டாம் வாரம் சமையலறை டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டினார். மூன்றாம் வாரம் சோப்பு உறை மேல் பிரித்த தேதியை எழுதினார். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையின் காலுக்கு அடியிலிருந்த அட்டையைக் குப்பை என்று எடுத்துப் போட்டார். மேஜை ஆடியது. அவள் ஒன்றும் பேசாமல் வேறு அட்டையைச் செருகினாள். அவர் மறுபடியும் எடுத்தார். மூன்று முறை இது நடந்தது. பிறகு அவர் எதையும் ஒழுங்குபடுத்துவதை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வேறு ஊரில் இருக்கும் மகள் போனில் சொன்னாள்: "அம்மா, அந்தக் கூடலுக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போங்களேன். சும்மா உக்காந்தா ஆளு உடைஞ்சு போயிடுவாரு."

"வந்து என்னடி பண்ணுவாரு?"

"ஏதாவது ஒரு வேலை குடுங்கம்மா."

கொடுத்தாள். கூடலுக்குப் பத்து நாள் முன்னால், "கடையில மர எழுத்து டிராயர் ஒண்ணு இருக்கு. தூசி தட்டி வைங்க" என்றாள். அவர் நான்கு நாள் கடைக்குப் போய் வந்தார். நான்கு நாளும் உற்சாகமாகச் சாப்பிட்டார். தூசி தட்ட நாலு நாளா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த வாரம் ஒன்பதாயிரம் மருந்துப் பெட்டிகளுக்குக் கோடு இழுக்க வேண்டியிருந்தது. கேட்காமல் விட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிடங்கில் டிராயரைத் திறந்தாள். தாடிக்காரன் கொடுத்திருந்த வாசகம், "கை வைத்தால் மரமும் பேசும்". யார் கை, எங்கே வைத்தால் என்று அதில் இல்லை. ஆனால் கொம்பும் காலும் தனிக் கட்டையாகச் சேர்த்தும் பதினாறே கட்டைகள், இரண்டு வரி. முதலில் ம-வை எடுத்தாள். பழக்கத்தில் கட்டைவிரல் அடிப்பக்கத்துக்குப் போனது. வழவழவென்று இருந்தது.

திருப்பிப் பார்த்தாள். முகம் கழுவி விட்ட பிள்ளை மாதிரி மஞ்சளாக, சுத்தமாக, வெறும் மரம். ர-வை எடுத்தாள். சுத்தம். க-வை எடுத்தாள். சுத்தம். பதினாறையும் எடுத்தாள். பிறகு மற்ற நூற்றி இருபத்து நாலையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள், ஏதாவது ஒன்றாவது மிச்சம் இருக்காதா என்று.

கணவர் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்குப் பெயர்ச்சீட்டு கொடுக்கும் வேலையை அவராகவே கேட்டு வாங்கியிருந்தார். சீட்டுகளை அகர வரிசையில் அடுக்கி, வரிசைக்கு ஒரு வண்ண அட்டை வேறு செருகியிருந்தார்.

"என்னங்க. கட்டைங்களுக்கு அடியில..."

"பாத்துட்டியா?" அவர் முகம் விரிந்தது. "நீயா பாக்கட்டும்னுதான் சொல்லாம இருந்தேன். எத்தனை வருஷத்து அசிங்கம் தெரியுமா? பஸ் டிக்கெட், காலண்டர் தாளு, என்னென்னமோ. எவனோ பொழுது போகாம ஒட்டி வச்சிருக்கான்."

எவனோ.

"தண்ணியில ஊறப் போட்டீங்களா?"

"சேச்சே. மரம் ஊதிடாதா? ஈரத் துணி, அப்புறம் காஞ்ச துணி. நகத்தாலயே சொரண்டினேன். ஒரு கீறல் இருக்கா பாரு."

ஒரு கீறல் இல்லை. நகக்கண் சிவந்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள். பின்னால் ஆறேழு பேர் பெயர்ச்சீட்டுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். எட்டு மாதமாக அந்த முகத்தில் காணாத ஒன்று அன்று இருந்தது.

"சரி," என்றாள்.

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பதினாறு கட்டைகளையும் இரும்புச் சட்டத்தில் பூட்டி ஒரு தாள் அடித்துப் பார்த்தாள். நினைத்த மாதிரியே வந்தது. க-வுக்கு வயிறு இல்லை. ப-வின் இடக்கால் சாம்பல். சு கிட்டத்தட்ட வதந்தி. தாளை மடிப்பதற்குள் தாடிக்காரன் வந்துவிட்டான்.

"அக்கா, பிரமாதமா இருக்கே. நாளைக்கு இப்படியே அடிச்சிடலாம்."

"கிண்டலா?"

"சத்தியமா இல்ல. ஆனா பந்தயம் பந்தயம்தான்."

கேமராவோடு வந்த ஒரு பெண் அந்தத் தாளை நான்கு கோணங்களில் படம் எடுத்தாள். "இந்த டெக்ஸ்சர் எப்படிம்மா வரவச்சீங்க?"

"என் வீட்டுக்காரர் வரவச்சார்."

"ஐயோ, அவர்கிட்ட பேசலாமா?"

"வேணாம்."

மதியம் வரை நான்கு கட்டைகளை மட்டம் பார்க்க முயன்றாள். முயன்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு துண்டு ஒட்டுவதற்குள் ஒருவர் வந்து செல்ஃபி கேட்டார். இன்னொருவர் மையை விரலில் தொட்டுக்கொண்டு கழுவ எங்கே போவது என்றார். மூன்றாவது ஆள் மரத்துக்கு ஞாபகம் உண்டா என்று கேட்டார். அந்த ஆளை மூன்று நொடி பார்த்துவிட்டு, "எனக்கே இல்ல சார்" என்றாள். உண்மைதான். எந்தக் கட்டையில் எத்தனை ஒட்டினோம் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் அந்தக் காகிதங்களில் இருந்தது. அரை நாளில் நான்கு கட்டைகூட முடியவில்லை என்றால், ஞாயிறு நாலு மணிக்குள் ஆகிற காரியம் அல்ல. புது பஸ் டிக்கெட்டும் உதவவில்லை. இப்போதைய டிக்கெட் சிறு எந்திரத்தில் வரும் வழவழப்பான சுருள் தாள், வெங்காயத் தோல் கனம்கூட இல்லை. பழைய டிக்கெட் வேறு ஜாதி.

சாப்பாட்டு நேரத்தில் மகள் கூப்பிட்டாள். "அப்பா வீடியோ அனுப்பினார்மா. எவ்ளோ சந்தோஷமா இருக்கார். நீங்க எதுவும் சொல்லி வச்சுடாதீங்க."

"நான் என்னடி சொல்லப் போறேன்?"

"உங்க குரலே சரியில்லையே."

போனை வைத்துவிட்டுக் கணவரிடம் போனாள். கூடியவரை சாதாரணமாகக் கேட்டாள்: "அந்தக் காகிதத்தையெல்லாம் எங்க போட்டீங்க?"

"போடறதா? நானா?" அவருக்கு அது அவமானம். மேஜைக்கு அடியிலிருந்து துணிப்பையை எடுத்து, அதிலிருந்து நான்கு காகித உறைகளை எடுத்து வரிசையாக வைத்தார். மேலே அழகான கையெழுத்தில்: பஸ் டிக்கெட், அறுபத்து ஒன்று. காலண்டர் தாள், முப்பத்தெட்டு. அட்டை, நூற்றிப் பதினேழு. இதர, ஒன்பது.

"வகை வகையாப் பிரிச்சாச்சு," என்றார்.

பத்தொன்பது வருடத்தை அவர் வகை பிரித்திருந்தார். எந்தத் துண்டு எந்தக் கட்டையினுடையது என்பதைத் தவிர எல்லாம் அந்த உறைகளின் மேல் இருந்தது. அவள் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை ஓட்டிப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"அந்த எவனோ நான்தான்," என்றாள்.

"எந்த எவனோ?"

"பொழுது போகாம பஸ் டிக்கெட் ஒட்டினவன்."

அவருக்குப் புரியவில்லை. அவள் ஒரு கட்டையை எடுத்துவந்து, மேஜை மேல் வைத்து, இரும்பு ஸ்கேலை அதன் தலையில் கிடத்திக் காட்டினாள். ஸ்கேலுக்கும் மரத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தை அடைக்கத்தான் டிக்கெட் என்றாள். நாளைக்கு நாலு மணி என்றாள். ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. "தூசி தட்டுங்கன்னு சொன்னேன். தோலை உரிங்கன்னு சொன்னேனா?"

"அது என்னன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"சாப்பாட்டு மேஜைக்கு அடியில இருந்த அட்டை..."

"அதுவும் நான்தான்."

"அத நான் மூணு தடவை தூக்கிப் போட்டேனே."

"மூணு தடவை நான் திரும்ப வச்சேனே."

பெயர்ச்சீட்டு வாங்க வந்த ஒருவர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லி நகர்ந்தார். கணவர் நான்கு உறைகளையும் ஓரம் பார்த்து நேராக அடுக்கினார். பிறகு தாழ்ந்த குரலில், "பதிவேடு இருக்கு" என்றார்.

"என்ன பதிவேடு?"

"பதிவு பண்ணாம ஒரு பொருளை நீக்குவேனா நான்? முப்பத்து நாலு வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு நெனச்சே?"

பையின் அடியிலிருந்து நீள நோட்டு ஒன்று வெளியே வந்தது. கட்டமிட்ட பக்கங்கள். வரிசை எண், எழுத்து, நீக்கிய காகிதத்தின் வகை, எண்ணிக்கை, தேதி, குறிப்பு. நூற்றி நாற்பது வரிகள். பதினாலு, க, டிக்கெட் இரண்டு, காலண்டர் ஒன்று.

"ரெண்டு ம் இருக்கு. எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"கட்டையோட பக்கவாட்டுல நம்பர் போட்டிருக்கேன்."

"என் கட்டை மேல எழுதினீங்களா?"

"பென்சில்தான்."

கோபப்படுவதா, கும்பிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒத்திப்போட்டுவிட்டுப் பக்கங்களைப் புரட்டினாள். "எங்க ஒட்டியிருந்துச்சுன்னு எழுதலையே?"

"எங்கன்னா? அடியிலதான்."

"அடியில எந்த மூலையில?"

அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். திட்டியபோது வாடாத முகம் இப்போது வாடியது. "ஒரு கட்டம் விட்டுப் போச்சு," என்றார், திருட்டை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

ஆனாலும் எண்ணிக்கை தெரிந்தால் பாதி வேலை மிச்சம். இத்தனை காகிதம் என்று தெரிந்துவிட்டது, எந்த மூலை என்பதை ஒரு தாள் அடித்துப் பார்த்தால் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். பிற்பகலில் கிடங்கின் மூலையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் வருகைப் பதிவு எடுப்பதுபோல வாசித்தார்: "இருபத்தி ரெண்டு. ப. டிக்கெட் மூணு." அவள் உறையிலிருந்து மூன்றை எடுக்கப் போனாள். அவர் உறையைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்தா ஒரு கையெழுத்து..."

அவள் பார்த்த பார்வையில் உறை திரும்பி வந்தது. ஆனால் குறிப்பு என்ற கட்டத்தில் அவர் ஒவ்வொன்றுக்கும் 'திரும்ப வழங்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டதை அவள் கவனிக்காமல் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஆட்களைத் தள்ளி நிறுத்துவதில் அவர் கெட்டிக்காரர். செல்ஃபிக்காரர்கள் வந்தால் தலையைத் தூக்காமலே, "பார்வையாளர் நேரம் முடிஞ்சுது" என்பார். அப்படி ஒரு நேரம் கூடலில் கிடையாது. ஆனால் அந்தக் குரலுக்கு யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. மரத்தின் ஞாபகத்தைப் பற்றிக் கேட்டவர் மறுபடி வந்தபோது, "எழுத்து மூலமாக் குடுங்க" என்றார். அந்த ஆள் நிஜமாகவே எழுதிக்கொண்டுவந்து கொடுத்தார்.

சனி மாலைக்குள் ஏழு கட்டைகள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மறுபடி ஆரம்பித்து, பகல் இரண்டு மணிக்குள் மற்ற ஒன்பது. கடைசியாகச் சு. அதற்கு டிக்கெட் நான்கு, அட்டை ஒன்று. கடைசித் துண்டை ஒட்டி, பசை காயட்டும் என்று தனியாக வைத்தாள். மூன்று மணிக்கு ஒரு தாள் அடித்துப் பார்த்தாள். பதினாறும் கறுப்பு. ஓரம் முதல் ஓரம் வரை ஒரே கறுப்பு.

கணவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு."

"அதுதான் வேணும்," என்றாள்.

நாலு மணிக்குத் தாடிக்காரன் ஒரு மரப்பெட்டி மேல் ஏறிப் பேசினான். கைகளால் செய்வது, வேகம் குறைப்பது, குறைகளைக் கொண்டாடுவது. அவள் மையை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஆரம்பித்தாள். தாள், மை, இழுப்பு. ஒவ்வொரு தாளும் வெளியே வந்ததும் கணவர் எண்ணைச் சொல்லி நோட்டில் கோடு போட்டார். பத்து. இருபது. நாற்பது. கூட்டத்தின் பேச்சு குறைந்தது. ஐம்பதாவது தாளைத் தாடிக்காரன் கையில் வாங்கி, கண்ணருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி அருகே கொண்டுவந்தான்.

"கம்ப்யூட்டர்ல அடிச்ச மாதிரியே இருக்கேக்கா," என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

அவள் ஐம்பத்தோராவது தாளை வைத்தாள். பதில் சொல்ல ஆரம்பித்தால் முடியாது.

எழுபத்து மூன்றாவது தாளை எடுத்தவள் எந்திரத்தை நிறுத்தினாள். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

"என்ன ஆச்சுக்கா?"

"இது சொறி."

"எங்க?"

"சு. கீழ, இடது பக்கம்."

தாடிக்காரன் பார்த்தான். கேமராப் பெண் பார்த்தாள். நாலைந்து பேர் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. மூன்று வருடமாக மரத்தின் குறைகளைக் கொண்டாடியவனுக்கு, கையில் கொடுத்த குறை கண்ணில் படவில்லை. அவள் முந்தைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். சு-வின் கீழ் மூலையில், ஒரு மிளகு அளவுக்கு, கறுப்பு கொஞ்சம் கறுப்பாக இல்லை. கடைசியாக ஒட்டிய துண்டில் பசை முழுதும் காயவில்லை. எழுபத்திரண்டு முறை அழுத்தம் வாங்கியதில் அது நகர்ந்துவிட்டது.

"இதெல்லாம் ஒரு இதாக்கா?" என்றான் தாடிக்காரன். "விடுங்க. நீங்க ஜெயிச்சாச்சு."

"ஜெயிக்கல. ஒரு தாள்ல ஒரு எழுத்துன்னு சொன்னேன்."

"யாருக்குமே தெரியலையே."

"எனக்குத் தெரியுதே."

கணவர் மெல்ல அருகில் வந்து, "ரெண்டு மணிக்கு ஒட்டினதா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் நோட்டில் ஏதோ எழுதினார்.

அவள் கட்டையை வெளியே எடுத்து, துண்டை நகர்த்தி ஒட்டி, காயவிட்டு, மற்ற இருபத்தேழு தாள்களையும் அடித்து முடித்தாள். அத்தனையும் சுத்தமாக வந்தன. எண்பது பேரும் தாள் வாங்க நெருக்கினார்கள். எல்லோருக்கும் எழுபத்து மூன்றாவதுதான் வேண்டும் என்றார்கள். அதைக் கொண்டுவந்து அவளிடமே காட்டி, அந்த மிளகளவு எங்கே என்று விரல் வைக்கச் சொன்னார்கள். சரி, இது எப்படித் தெரிந்தது, அடியில் என்ன செய்வீர்கள், எந்தக் காகிதம் என்று மூன்று வருடத்தில் யாரும் கேட்காததையெல்லாம் கேட்டார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு மையைத் துடைத்தாள்.

"அடுத்த வருஷம் சனிக்கிழமை காலையில மட்டம்தான்," என்று தாடிக்காரன் அறிவித்தான். "தோத்ததோ ஜெயிச்சதோ, எனக்கு அந்தப் புள்ளி கண்ணுல படல. அது படற வரைக்கும் நான் மையத் தொடறதா இல்ல. யாரு சொல்லித் தருவா? அக்காதான் வாயத் திறக்க மாட்டாங்களே."

"நான் சொல்றேன்," என்றது ஒரு குரல்.

அவள் துடைப்பதை நிறுத்தினாள். கணவர் க-வைக் கையில் எடுத்துக் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். மட்டம் என்ற ஒன்று உலகில் இருப்பதை அவர் அறிந்து முப்பது மணி நேரம்கூட ஆகவில்லை.

"அடுத்த வருஷம் எதுக்கு, இப்பவே சொல்லிடறேன்," என்றார். "பதிவேடு என்கிட்டதானே இருக்கு. இங்க பாருங்க. மரம்னா தேயும். அதுக்கு அடியில டிக்கெட் வைக்கணும். பழைய டிக்கெட். புதுசு ஆகாது, வெங்காயத் தோல் மாதிரி. எந்த இடத்துல ஒட்டறோம்ங்கறதுதான் முக்கியம். நிறைய பேர் அதைப் பதிவு பண்றதில்ல."

நிறைய பேர்.

பதில் அவள் நாக்கு வரை வந்தது. தோற்ற பந்தயம் அதை அங்கேயே நிறுத்தியது.

"உதாரணமா இது க," என்றார் அவர். "இதுக்கு ரெண்டு டிக்கெட், ஒரு காலண்டர். அதை நடுவுல, இதோ, இப்படி..."

எட்டுப் பேர் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் குறிப்பு எடுத்தார். அவள் துணியை வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, நடுவில் இருந்த கட்டைவிரலை மேல் இடது மூலைக்கு நகர்த்தி வைத்தாள். கொஞ்சம் அழுத்தமாகவே வைத்தாள்.

"நடுவுலன்னா," என்றார் அவர், விரலை எடுக்காமல், "மேல் இடது மூலையில."

பிறகு நோட்டைத் திறந்து, பக்கத்தின் ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.